மெமரிக்கு ஏத்த பெட்டி

மகளுக்கு ப்ளெண்டர் கத்துக்க 64 ஜிபி வேணுமாம். கழக்கூட்டத்தில் விலை கேட்டேன். "கழிஞ்ஞ கொல்லம் வாங்ஙாமாயிருந்நில்லே சேட்டா?" என்று சிரித்தார் கடைக்காரர். ஏஐ சர்வர்கள் புண்ணியத்தில் 2025 கடைசியில் எகிறிய விலை. மைக்ரான் வேற, க்ரூஷியல் வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய சர்வர் மெமரி, 32 ஜிபி ரெண்டு, மச்சான் வாங்கி அனுப்பினான். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்கிரீன்தான் வரலை! ரெஜிஸ்டர்டு மெமரியாம். டிடிஆர்4-ல் ரெண்டுக்கும் அதே 288 பின். ஆனா நம்ம வீட்டு ரைசன், கோர் ஐ5 போர்டுகள் அதைச் சேர்க்காது. ஸ்டிக்கரில் 2133பி, 2400டி என்பதற்குப் பின்னால் 'ஆர்' இருந்தால் ரெஜிஸ்டர்டு, 'யு' இருந்தால் நமக்கானது. மச்சானைத் திட்டிப் பயனில்லை, சொல்லாதது நான்தான்.

மெமரியைத் திருப்பித் தராதீங்க, அதற்கேற்ற பெட்டியைத் தேடுங்க என்பேன். 2016-ல் வந்த ஜியான் இ5 வி4 போட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன், எச்பி இசட்440 மாதிரி, ரெஜிஸ்டர்டுதான் கேட்கும், ஸ்லாட் எட்டு. கரண்ட் அதிகம் தின்னும், வேகமும் இந்தக் காலத்துது இல்லை. ஆனா சீன் பெரிசானா மெமரி பத்தாமல் பாதியில் நிற்பதைவிட மெதுவா முடிவது மேல்.

மகள் முனகினாள். ரெண்டர் முடியறதுக்குள்ள ஒரு சாயா குடிச்சுட்டு வரலாம்னேன் :-)