நிலத்தை மறைத்துவிட்டு நிலவியலா?



வள்ளூரில் நின்று பாருங்கள். ஒருபுறம் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம். மறுபுறம், இன்று கொசத்தலையாறு எனப்படும் கொற்றலையாறு. கிழக்கே எண்ணூர்க் கழிமுகம். ஆறு, கழி, கடல், மணல், சாம்பல் ஐந்தையும் ஒரு பகல் நடையில் கண்டுவிடலாம். நிலவியல் கற்பிக்க இதனினும் சிறந்த வகுப்பறை வேண்டுமோ?

ஆயினும் நம் கல்லூரிகளில் நடப்பதென்ன? முதலாண்டு மாணவனுக்கு ஆங்கில வரையறைகள் ஓதப்படுகின்றன. எழுதுகிறான், நெட்டுருப் போடுகிறான், தேர்வுத்தாளில் கொட்டுகிறான், மறக்கிறான். பல்லாவரத்துக் கல்லின் பெயரைக் கேளுங்கள். 'சார்னோக்கைட்டு' என்பான். கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஆங்கில வணிகன் யோபு சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு, 1893-இல் தாமசு ஆலந்து இட்ட பெயர் அது. பெயரை அறிந்தவன் கல்லைத் தொட்டறியான்! இதே கொற்றலையாற்றுப் படுகையில், அதிரம்பாக்கத்துக் கற்கருவிகள் 15 நூறாயிரம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011-இல் உலகறிய வெளியாயிற்று. அதையும் அவனுக்குச் சொல்வார் இலர்.

ஆங்கிலச் சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை உருப்போட வைத்தால் போதுமா? போதாது! உருப்போடுதல் எம்மொழியிலும் அடிமைத்தனமே. மொழியும் மாறவேண்டும்; முறையும் மாறவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! முதல்நாள் நூலை மூடுங்கள். மாணவரை இராயபுரம் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். "மெரினாவில் மணல் பெருகியதேன்? இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கரை தேய்ந்ததேன்?" என வினவுங்கள். விடையை முந்திச் சொல்லாதீர். ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாய்மொழியில் எழுதட்டும்; அருகிலிருப்பவரோடு வழக்காடட்டும். பின்னர் விளக்குங்கள்: கரையோரமாக வடக்கு நோக்கி மிகுதியாய் நகரும் மணலை, 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன, தெற்கே மணல் தங்கிற்று, வடக்கே கரையைக் கடல் தின்றது. கழி, ஓதம், எக்கல், உவர், வண்டல் என்னும் சொற்கள் நம்மிடம் என்றோ உள்ளன. தேர்வும் வரையறை கேட்பதை விட்டு, ஏன், எவ்வாறு என்று கேட்கட்டும்.

இது வெறும் பாடத்திட்டப் பூசலன்று. எண்ணூர்க் கழியைச் சார்ந்த தாழ்நிலங்களில் சாம்பல் படியப் படிய, வெள்ளமும் ஓதநீரும் பரவும் இடம் சுருங்குகிறது. அதை அளந்து எழுதி, அரசின்முன் வைத்து வழக்காட வள்ளூர்ப் பிள்ளைக்குத் தெரியவேண்டும். தெரியாவிடின், பிறர் எழுதிய அறிக்கையைப் பொருள் விளங்காமல் பார்த்து நிற்பான். நிலம் போனபின் அழுவான்.

நிலத்தைப் படிக்கத் தெரியாத இனம் நிலத்தை இழக்கும். வகுப்பறைக் கதவைத் திறவுங்கள்! மண்ணைத் தமிழில் கற்பியுங்கள்!