கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கலக்காதீர்கள்!

தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறது. நாற்றம் இல்லை. குடித்தால் இனிக்கிறது. அதனால் அது நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வாந்திபேதிக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ருசியும் கிடையாது.

காலரா தாத்தா காலத்து வியாதி, அது ஒழிந்துபோய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் காரைக்காலில் அது தலைகாட்டியது. ஏராளமான பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சோதனை செய்ததில் சிலருக்குக் காலரா என்று தெரிந்தது. பொது சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள்.

குழாய்த் தண்ணீர் எப்படிக் கெடுகிறது?

பூமிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் போகிறது. பல தெருக்களில் அதற்குப் பக்கத்திலேயே சாக்கடையும் போகிறது. குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது ஓட்டை இருந்தாலும் பெரிய ஆபத்து இல்லை. தண்ணீர் வெளியே பீறிடுமே தவிர, அழுக்கு உள்ளே வராது. தண்ணீரை நிறுத்தினால்தான் வினை! குழாய் காலியாகிறது. வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது. மறுபடி தண்ணீர் திறந்ததும் அது நேரே நம் குடத்துக்கு வந்து சேருகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊர்களில் இந்த ஆபத்து ஓயாமல் இருக்கிறது.

மோட்டார் வைத்துத் தெருக் குழாயை உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த வீட்டுக்காரரின் தண்ணீரை மட்டும் உறிஞ்சவில்லை. சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சுகிறார்கள். அது அவர்கள் வீட்டுக்கும் போகிறது!

இன்னொன்று, வாசலில் தோண்டும் பள்ளம். தண்ணீர் மேலே ஏறவில்லை என்று பள்ளம் வெட்டி, குழாயைத் தாழ்வாக வைக்கிறோம். மழை பெய்தால் அந்தப் பள்ளம் குட்டை ஆகிறது. குழாயின் வாய் அதில் முழுகிக் கிடக்கிறது. பள்ளத்தைச் சிமெண்டு பூசி மேடாக்குங்கள். தண்ணீர் பிடித்து முடிந்ததும் குழாயின் வாயை மூடி வையுங்கள். தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைக் குடத்தில் பிடிக்காதீர்கள். கொஞ்சநேரம் ஓடவிட்டு, அதை வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சுவது எப்படி?

"காஸ் விற்கிற விலையில் தண்ணீரையும் காய்ச்ச வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பத்து நிமிஷம் கொதிக்கவிட வேண்டியதில்லை. தளதள என்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம் போதும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் மூன்று நிமிஷம் கொதிக்க வேண்டும். உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். குளிக்கிற தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம். குடிக்கிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற தண்ணீர், பச்சையாகத் தின்னும் காய்கனி கழுவுகிற தண்ணீர் இவற்றைக் காய்ச்சினால் போதும்.

கலங்கல் தண்ணீர் என்றால் தெளியவைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். வடிகட்ட அம்மாவின் பழைய பருத்திப் புடவையே நல்லது. வங்காள தேசத்துக் கிராமங்களில் இதை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பழைய புடவையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டியதில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாம். பாதிதான் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். வடிகட்டினால் போதும் என்று காய்ச்சாமல் இருந்துவிடக் கூடாது.

பல வீடுகளில் தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. பிள்ளை தாகம் என்று அழுகிறது. சூடு ஆற நேரம் இல்லை. அரை டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கலந்து கொடுக்கிறோம். காய்ச்சியது அவ்வளவும் வீண்! காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆறவிடுங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும்போது விரல் முழுகும். நீளக் காம்பு உள்ள அகப்பை வைத்துக்கொள்ளுங்கள். திருகு குழாய் வைத்த பானை இன்னும் நல்லது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம். தாய்ப்பால் போதும்.

அடுப்பு எரிக்க வழியில்லாத வெள்ளக் காலத்தில் குளோரின் மாத்திரை உதவும். எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த அளவுப்படி போட்டு, அரைமணி கழித்துக் குடியுங்கள். குழாய்த் தண்ணீரில் லேசாக மருந்து வாடை அடித்தால் சிலர் நகராட்சியைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டாம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அரசாங்கம் வகுத்த அளவு. அதைச் சோதித்துச் சொல்லும்படி தைரியமாகக் கேளுங்கள்.

எல்லாக் கேட்டையும் அடுப்பு தீர்க்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு உண்டு. பற்கள் கறைபடும், எலும்பு வளையும். காய்ச்சினால் தண்ணீர் வற்றும், புளோரைடு போகாது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013இல் தொடங்கினார்கள்.

யாரிடம் சொல்வது?

1854ஆம் ஆண்டு லண்டனில் காலரா வந்தது. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் எந்தெந்த வீட்டில் சாவு விழுந்தது என்று விசாரித்தார். ஒரு தெருப் பம்பைச் சுற்றியே சாவு அதிகம் என்று தெரிந்தது. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்.

நீங்களும் அந்த வேலையைச் செய்யலாம். தண்ணீரில் நாற்றம் அடித்தால், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால், அந்த நாலு கதவு எண்களையும் எழுதி நகராட்சி ஆணையருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் மனுக் கொடுங்கள். "எங்கள் தெருத் தண்ணீர் சரியில்லை" என்று மட்டும் எழுதினால், எந்த இடத்தைத் தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரியாது.