சுட்டிக்குப் பின்னே ஒளிக்கப்படும் பொருள்

இந்தியக் கல்விப்புலத்தின் இணையதளங்கள் பலவற்றில் விசித்திரமான வழக்கம் ஒன்று வேரூன்றிவிட்டது: வாசகருக்கு மிகவும் தேவைப்படும் விளக்கத்தை, அவர் கண்ணில் படாத இடத்தில் வைப்பது. மின்னகராதியில் சொல்லின் மேல் சுட்டியை நிறுத்தினால் பொருள் மிதந்து வரும், அகற்றினால் மறையும். மொழித் தரவகங்களில் இலக்கணக் குறியீடுகளின் விரிவும் அவ்வாறே. சேர்க்கைப் படிவத்திலோ, கோப்பின் அளவு எவ்வளவு இருக்கலாம், எந்தச் சான்றிதழ் செல்லும் என்பனவெல்லாம் ஒரு சிறு வட்டக் குறியின் பின்னே பதுங்கியிருக்கும். நிரலாளர் வழக்கில் இதன் பெயர் டூல்டிப். வடிவமைப்பாளர்கள் இதைத் திரையைத் தூய்மையாக வைக்கும் நயம் என்கிறார்கள். உண்மையில் இது வாசகர்களைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு.

திரையைக் காணவும் சுட்டியை நடுக்கமின்றி நகர்த்தவும் இயன்றவருக்கு மட்டுமே இந்தப் பொருள் திறக்கிறது. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானின் துணையோடு விசைப்பலகையால் பக்கத்தைக் கடக்கிறார். அவர் செவிக்கு அந்த விளக்கம் எட்டுவதில்லை. குறைபார்வை உடையவர் திரையைப் பன்மடங்கு பெரிதாக்கிப் படிக்கிறார். விளக்கத்தின் மறுபாதியைக் காணச் சுட்டியை நகர்த்தியதும் விளக்கமே மறைந்துவிடுகிறது. கைப்பேசியில் படிப்பவருக்கோ நிறுத்திவைக்கச் சுட்டியே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். பார்வைக் குறைபாடு உடையோர் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். ‘இது சிறுபான்மையினரின் சிக்கல்’ என்போர், கைப்பேசியையே கணினியாகக் கொண்ட மாணவர்களையும் இவர்களோடு சேர்த்து எண்ணட்டும்.

தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை என்னும் சாக்கும் செல்லாது. 2018இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் 2.1ஆம் பதிப்பு, மிதந்து தோன்றும் விளக்கங்களுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. சுட்டியையோ விசைக்குவியத்தையோ நகர்த்தாமலே, எடுத்துக்காட்டாக எஸ்கேப் விசையால், அதை மூட இயல வேண்டும். சுட்டியை விளக்கத்தின் மேலேயே கொண்டுசென்றாலும் அது மறையக் கூடாது. வாசகர் விலகும்வரை அது தானாக அகலக் கூடாது. இவற்றோடு, விளக்கம் டேப் விசையால் சென்றடையக்கூடிய உறுப்பில் அமைய வேண்டும். ஏரியா பண்புகளால் அந்த உறுப்போடு பிணைக்கப்பட வேண்டும். சில வரி நிரலில் முடியும் வேலை இது. ஆயினும் பலர் நாடுவது ‘டைட்டில்’ என்னும் பண்பையே. அதை நம்பியிருப்பதைத் தவிர்க்குமாறு எச்டிஎம்எல் தர ஆவணமே அறிவுறுத்துகிறது.

இவற்றுள் மிகக் கொடியது, செயலிழந்த பொத்தானின் மேல் தொங்கும் விளக்கம். படிவம் நிறைவுறாத வரை ‘சமர்ப்பி’ பொத்தான் மங்கிக் கிடக்கும். ஏன் மங்கியது என்பதற்கான விடை அதன் டூல்டிப்பில் இருக்கும். ஆனால் செயலிழந்த பொத்தானை விசைப்பலகை தாண்டிச் சென்றுவிடும். கதவு ஏன் அடைபட்டது என்னும் அறிவிப்பைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுவதற்கு ஒப்பானது இது. கடைசி நாளில் விண்ணப்பிக்கும் மாணவருக்கு இழப்பு ஓராண்டு.

மொழியியலாளர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. இந்தியாவின் அகராதிகளும் தரவகங்களும் பன்மொழிப் பக்கங்கள். எச்டிஎம்எல் விதிப்படி, ஓர் உறுப்புக்கு இடப்படும் மொழிக்குறி அதன் பண்புகளில் உள்ள உரைக்கும் பொருந்தும். ஆகவே இந்தி என்று குறிக்கப்பட்ட சொல்லின் டைட்டில் பண்பில் தமிழ்ப் பொருளை எழுதினால், அந்தத் தமிழும் இந்தி என்றே அறிவிக்கப்படுகிறது. ஏரியா விளக்கமாக இணைத்தாலும், அது மொழிக்குறிகள் உதிர்ந்த வெறும் எழுத்துச் சரமாகவே திரைவாசிப்பானுக்குச் செல்கிறது. மொழிகளைக் காப்பதற்கென்று எழுப்பிய தரவகம், மொழிகளை வேறுபடுத்திக் காட்டத் தவறுகிறது. இதற்கு ஒரே தீர்வு, பொருளைப் பக்கத்தின் உரையாகவே வைத்து அதற்குரிய மொழிக்குறியை இடுவது. பக்கம் நெரிசலாகும் என்றால், விரித்துச் சுருக்கும் பொத்தான் ஒன்றை அமைக்கலாம். அரும்பதவுரையையும் அடிக்குறிப்பையும் சுமந்த அச்சுப் பக்கங்கள் அழகு குன்றியதாக எந்தப் புலவரும் முறையிட்டதில்லை.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு, மின்னூடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் அமைவதற்கான கடமையை அரசின் மேல் சுமத்துகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15ஆம் விதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு ஆணையிட்டது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணு அணுகல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறியது. இத்தீர்ப்புகளைக் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டும் துறைகள், தம் முகப்புப் பக்கத்தை ஒருமுறை திரைவாசிப்பானால் கேட்டுப் பார்க்கட்டும்.

வேண்டப்படுவது சலுகையன்று, ஒழுங்கு. இன்றியமையாத எதையும் டூல்டிப்பில் வைக்கலாகாது. சுருக்குவழி விசை போன்ற உபரிக் குறிப்புக்கு மட்டும் அது போதும். அங்கும் மூன்று நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். மின்னூலாக்கத் திட்டத்துக்கு நிதி கோருவோர், தளத்தை வெளியிடுமுன் சுட்டியைக் கழற்றிவைத்து, என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானோடு முழுத் தளத்தையும் சோதித்ததாக உறுதியளிக்க வேண்டும். ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு விடுபட்டால் திருப்பி அனுப்பும் பேராசிரியர்கள், அடிக்குறிப்புகளே சிலருக்கு எட்டாத தளத்துக்கு மட்டும் ஒப்புதல் கையெழுத்திடுவது எந்த ஆய்வு நெறி?