நிறுவுவது எளிது, நீக்குவது?

கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவுவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். நீக்குவது எப்படி என்று கேட்பவர் சிலரே. ஆனால் மென்பொருள்களை நிர்வகிக்கும் ஒரு நிரலின் தரத்தை அறிய, அது எப்படி நீக்குகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

1993-ஆம் ஆண்டில் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். இதில் மென்பொருள்கள் ‘பேக்கேஜ்’ எனப்படும் பொதிகளாக வருகின்றன. எந்தப் பொதியின் கோப்புகள் எங்கே வைக்கப்பட்டன என்ற பட்டியலும் கணிப்பொறியிலேயே இருக்கும்.

அப்படியானால் பட்டியலைப் பார்த்து அழித்துவிட்டால் போதுமல்லவா? போதாது மாணவர்களே! நீக்குவது என்பது திரைப்படத்தைப் பின்னோக்கி ஓட்டுவது அன்று. நிறுவிய நாளுக்கும் நீக்கும் நாளுக்கும் இடையே கணிப்பொறி மாறிவிடுகிறது. ஆகவே மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதலாவது: இப்பொதியை நம்பி வேறு பொதிகள் உள்ளனவா? இருந்தால் அவையும் போகும் என்று டெபியனின் ‘ஆப்ட்’ நிரல் பட்டியலிட்டு, நம் சம்மதத்தைக் கேட்கிறது.

இரண்டாவது: இது யார் கேட்டு வந்தது? ஒரு நிரலுக்குத் துணையாக உடன் வந்த பொதிகள் ‘தானாக வந்தவை’ என்று குறிக்கப்படுகின்றன. பின்னர் அவற்றை எதுவும் நாடாதபோது, தனிக் கட்டளை கொடுத்து நீக்கலாம்.

மூன்றாவது: இதில் மனித உழைப்பு கலந்துள்ளதா? பயனர் தம் தேவைக்கேற்ப அமைப்புக் கோப்புகளைத் திருத்தியிருக்கலாம். ஆகவே ‘ரிமூவ்’ என்றால் அமைப்புக் கோப்புகள் மட்டும் தங்கும். ‘பர்ஜ்’ என்றால் அவையும் போகும்.

எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் துடைத்தெறிந்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. தவறுதலாகத் தங்கிய கோப்பு சிறிது இடத்தைத்தான் அடைக்கும். அதை நாளையும் அழிக்கலாம். தவறுதலாக அழிந்த உழைப்போ எளிதில் திரும்பாது. இவ்விரு தவறுகளும் சமமல்ல. ஐயம் எழும்போது விட்டுவைப்பதே அறிவுடைமை.

எச்சரிக்கை செய்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா? 2021-இல், ஆப்டைப் பயன்படுத்தும் பாப் ஓஎஸ் இயங்குதளத்தில் ஒருவர் ‘ஸ்டீம்’ என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதிகளுக்குள் ஏற்பட்ட பொருத்தமின்மையால், திரைமுகப்பையே நீக்கவேண்டி வரும் என்றது ஆப்ட். நீண்ட பட்டியலைக் காட்டியது. ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து உறுதி கூறும்படியும் கேட்டது. அவரும் தட்டச்சு செய்தார், திரைமுகப்பு போய்விட்டது! அதன்பின், இத்தகைய அடிப்படைப் பொதிகளை எளிதில் நீக்க இயலாதபடி ஆப்ட் திருத்தப்பட்டது. படிக்க முடியாத நீளத்தில் எழுதிய எச்சரிக்கை காவலாகாது என்பதற்கு இது சான்று.

நாளை நிரல் எழுதப்போகும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ‘அழி’ என்ற கட்டளையை எழுதுமுன், அழியப்போவது யாருடையது என்று கேளுங்கள். நல்ல நிரலுக்கு அதுவே அடையாளம்.