கூட்டுவது மெஷின், சரிபார்ப்பது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று தேர்தல் சமயத்தில் தவறாமல் வரும். "கம்ப்யூட்டரில் வைரஸ் வருகிறது, ஹேக் செய்கிறார்கள் என்கிறீர்கள். ஓட்டு மெஷினும் ஒரு கம்ப்யூட்டர்தானே? அதை மட்டும் எப்படி நம்புவது?"

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எங்கள் தொழிலில் "நம்புவது" என்ற பேச்சே கிடையாது. புரோகிராம் எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அதை வேறொருவர் சோதித்துப் பார்க்காமல் வாடிக்கையாளரிடம் கொடுக்க மாட்டோம். ஓட்டு எண்ணிக்கைக்கும் இதே விதி பொருந்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் பிசி வேறு, ஓட்டு மெஷின் வேறு

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ஓட்டு மெஷினில் விண்டோஸ் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, வைஃபை, புளூடூத் எதுவும் கிடையாது. அதை ஒரு பெரிய கால்குலேட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாரியின் மேஜையில் இருப்பது கன்ட்ரோல் யூனிட். மறைவுக்குப் பின்னால் நீங்கள் பட்டனை அழுத்துவது பாலட் யூனிட். கன்ட்ரோல் யூனிட்டின் சிப்பில் புரோகிராம் ஒரே ஒரு முறைதான் எழுதப்படுகிறது. உங்கள் பிசியை ஃபார்மேட் செய்து மறுபடி விண்டோஸ் போடுவதுபோல அதில் செய்ய முடியாது.

இவற்றைத் தயாரிப்பவை இரண்டு அரசு நிறுவனங்கள்: பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். நம் எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்தபோது இந்த மெஷினை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர். 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 பூத்களில் முதன்முதலாக இதைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் 2001 சட்டசபைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது. 2004-ல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது.

இதனால் கிடைத்த லாபம் சாதாரணமானதல்ல. 1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அங்கே ஓட்டுச் சீட்டு ஒரு புத்தகம் போல இருந்தது. அதையெல்லாம் கையால் பிரித்து எண்ணிய காலத்தோடு ஒப்பிட்டால், "ரிசல்ட்" பட்டனை அழுத்தியதும் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணிக்கையும் திரையில் வருவது பெரிய வசதிதான். கூட்டல் கணக்கில் மனிதனைவிட மெஷின் கெட்டி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ராதாபுரம் சொல்லும் பாடம்

மெஷின் வந்த பிறகும் ஓட்டு எண்ணிக்கையில் தகராறு வருமா? வரும் என்பதற்கு உதாரணம் நம் நெல்லை மாவட்டத்திலேயே இருக்கிறது.

2016 சட்டசபைத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 ஓட்டுகள் பெற்றார். தி.மு.க.வின் அப்பாவு பெற்றது 69,541. வித்தியாசம் வெறும் 49. அந்த எண்ணிக்கையில் 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. தபால் ஓட்டோடு அனுப்பும் உறுதிமொழிப் படிவத்தில் கெஸட்டட் அதிகாரி ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். இவற்றில் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பதுதான் சண்டை. 49 எங்கே, 203 எங்கே!

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்று மெஷின்களையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019 அக்டோபர் 1-ல் உத்தரவு வந்தது. அக்டோபர் 4-ல் எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட அன்றே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டசபையின் காலம் 2021-ல் முடியும் வரை அந்த முடிவு வெளியாகவே இல்லை. ஐந்து வருடம் தொகுதி மக்களுக்குத் தங்கள் எம்.எல்.ஏ. யார் என்பதில் ஒரு கேள்விக்குறி இருந்துகொண்டே இருந்தது. 2021 தேர்தலில் அதே தொகுதியில் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகர் ஆனார். ஆனால் 2016-ன் கேள்விக்கு அது பதில் ஆகாது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, சண்டையின் பெரும்பகுதி மெஷினைப் பற்றியது அல்ல, விதியைப் பற்றியது. இரண்டு, வித்தியாசம் குறைவாக இருக்கும்போது சரிபார்க்கும் வேலையை அங்கேயே, அன்றைக்கே முடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் பயன் இல்லை.

காகிதம் திரும்பி வந்த கதை

"நான் போட்ட ஓட்டு நான் போட்ட சின்னத்துக்குத்தான் விழுந்ததா?" இந்தக் கேள்விக்குப் பழைய மெஷினால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்காக வந்ததுதான் விவிபேட் என்ற சின்ன பிரின்டர். 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் முதலில் வந்தது. நீங்கள் பட்டனை அழுத்தியதும், வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அச்சான ஒரு சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும். பிறகு அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும்.

எங்கள் பாஷையில் சொன்னால் இது பேக்கப். உங்கள் முக்கியமான ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் வைக்காமல் சிடியிலோ பென் டிரைவிலோ இன்னொரு காப்பி வைப்பதுபோல. ஆனால் பேக்கப் எடுத்தால் மட்டும் போதுமா? அதைத் திறந்து பார்த்தால்தானே சரியாக இருக்கிறதா என்று தெரியும்?

2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் குலுக்கல் முறையில் 5 பூத்களைத் தேர்ந்தெடுத்து, சீட்டுகளை எண்ணி மெஷின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் வேறுபட்டால் சீட்டின் கணக்குதான் செல்லும். நல்ல விதி. ஆனால் 5 போதுமா?

ஐந்து பூத் கணக்கு

உதாரணமாக, ஒரு தொகுதியில் 250 பூத்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 10 பூத் மெஷின்களில் கோளாறு. 5 பூத்களைக் குலுக்கி எடுத்தால், அந்தப் பத்தில் ஒன்றாவது சிக்க எவ்வளவு வாய்ப்பு? எக்ஸெலில் 'காம்பின்' ஃபங்ஷனைக் கொண்டு நீங்களே போட்டுப் பார்க்கலாம். 100-க்குச் சுமார் 19 தான் வரும்.

வித்தியாசம் 20,000 ஓட்டு என்றால் நாலைந்து பூத் கோளாறால் முடிவு மாறாது. ஆனால் 49 ஓட்டு என்றால்? 25 ஓட்டுகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனால் போதும், முடிவே தலைகீழ். அதற்கு ஒரே ஒரு பூத் போதும். அந்த ஒரு பூத் குலுக்கலில் வர 250-க்கு 5, அதாவது 100-க்கு 2 தான் வாய்ப்பு. எங்கள் கம்பெனியில் இப்படி டெஸ்டிங் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்!

அப்படியானால் நாடு முழுவதும் எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டுமா? அந்தக் கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்பது இதுதான்: வித்தியாசம் பெரிதாக இருந்தால் 5 பூத் போதும். வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தால், அந்தத் தொகுதியில் மட்டும் எல்லாச் சீட்டுகளையும் முடிவு அறிவிக்கும் முன்பே எண்ண வேண்டும். இப்போது வேட்பாளர் விண்ணப்பித்தால் சீட்டுகளை எண்ணலாமா என்று தேர்தல் அதிகாரி முடிவு செய்கிறார். இது ஒருவர் விருப்பத்தில் விடக்கூடிய விஷயமா? தானாகவே நடக்க வேண்டாமா?

இது புதுமையான யோசனையும் அல்ல. செல்லாதவை என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அவற்றைக் கட்டாயம் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று தேர்தல் கமிஷனே விதி வைத்திருக்கிறது. தபால் ஓட்டுக்கு உள்ள நியாயம் விவிபேட் சீட்டுக்கு ஏன் கூடாது?

ஸ்கேனர் உதவுமா?

"அத்தனை சீட்டையும் எண்ண நேரம் ஆகுமே" என்பார்கள். இங்கேதான் ஸ்கேனர் வருகிறது. போட்டித் தேர்வுகளில் வட்டத்தைக் கறுப்பாக்குகிறோமே, அந்த ஓ.எம்.ஆர். தாளைத் திருத்துவது ஸ்கேனர்தான். அமெரிக்காவில் 2000-ல் ஃபுளோரிடா மாநிலத்தில் துளையிடும் அட்டைகளால் பெரிய குழப்பம் வந்தது. 537 ஓட்டு வித்தியாசத்தில் ஜனாதிபதி யார் என்பதே முடிவானது. அதன் பிறகு அங்கே பல மாநிலங்கள் ஓட்டுச் சீட்டில் குறியிட்டு ஸ்கேன் செய்யும் முறைக்குப் போயின. காகிதம் பத்திரமாக இருப்பதால் வேண்டும்போது கையாலும் எண்ணலாம்.

நம் நாட்டிலும் ராணுவத்தினரின் தபால் ஓட்டு உறைகளை எண்ணும் இடத்தில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்துதான் சரிபார்க்கிறார்கள். விவிபேட் சீட்டை எண்ண ஒரு மெஷின் வைக்கலாமா, சின்னத்தோடு கட்சிக்கு ஒரு பார்கோடும் அச்சிடலாமா என்று ஆராயும்படி 2024 தீர்ப்பிலேயே யோசனை இருக்கிறது.

செய்யட்டும். ஆனால் ஸ்கேனரும் ஒரு மெஷின்தான். பார்கோடை என் கண்ணால் படிக்க முடியாது, சின்னத்தைப் படிக்க முடியும். எனவே ஸ்கேன் செய்த பிறகு சில கட்டுகளைக் கையாலும் எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்காத ஒரு பாட்டியும் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடிய சோதனைதான் கடைசிச் சோதனையாக இருக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. அடுத்த முறை ஓட்டுப் போடும்போது பட்டனை அழுத்தியவுடன் திரும்பி நடக்காதீர்கள். அந்த 7 விநாடி நின்று சீட்டைப் பாருங்கள். பேக்கப் சரியாக விழுந்ததா என்று பார்க்கும் முதல் ஆள் நீங்கள்தான்.