எலிகாப்டர்

தேனி மாவட்டத்தில், ஏலமலைச் சாரலை அடுத்துள்ளது எம் ஊராகிய தேவாரம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றோர் பலர் மாண்டனர். அப்போது மீட்புப் பணிக்கு இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. அவ்வூர்தியை எம் ஊர் முதியோர் 'எலிகாப்டர்' என்பர். அதுகேட்டுப் படித்த இளைஞர் நகைப்பதுண்டு. அந்நகைப்பு முறையோ என ஆராய்வோம்.

மாணவர்களே! ஹெலிகாப்டர் என்பது ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. 1861-ஆம் ஆண்டில் பொந்தோன் தமேகூர் என்னும் பிரெஞ்சுக்காரர் கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து இதன் மூலச்சொல்லைப் படைத்தார். 'ஹெலிக்ஸ்' என்பது திருகு. 'ப்டெரான்' என்பது சிறகு. ஆகவே, 'ஹெலிகோ', 'ப்டெர்' எனப் பிரிப்பதே முறை. ஆங்கிலம் பேசுவோரோ 'ஹெலி', 'காப்டர்' எனப் பிரித்தனர். பின்பாதியைத் தனியே எடுத்து, அவ்வூர்தியையே 'காப்டர்' எனப் பேச்சில் வழங்கினர். முன்பாதியைக் கொண்டு அஃது இறங்குமிடத்தை 'ஹெலிபேட்' என்றனர். நான்கு சுழலிகளையுடைய சிறு பறவைப்பொறி இன்று 'குவாட்காப்டர்' எனப்படுகிறது. சிறகைக் குறித்த சொல் இவ்வாறு சிதைந்தும், அகராதிகள் அதனை ஏற்றன. நகைப்பார் எவரும் இலர்.

பிரிக்கும் இடம் மாறின் பொருளும் மாறும் என்பதை நாம் அறிவோம். மூவர் பாடிய தேவாரத்தின் பெயரைத் 'தே+ஆரம்' எனப் பிரித்துத் தெய்வத்திற்குச் சூட்டும் மாலை என்பர் சிலர். 'தே+வாரம்' எனப் பிரித்துத் தெய்வத்தைப் பாடும் இசைப்பாட்டு என்பர் வேறு சிலர். இங்கு இரு பிரிப்பும் பொருள் தருகின்றன. 'காப்டர்' என்னும் துண்டிற்கோ கிரேக்கத்தில் அத்தகைய பொருள் இல்லை.

இனி, நம் முதியோரின் சொல்லை நோக்குக. வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைதல் வேண்டும் என்றார் தொல்காப்பியர். அம்மரபினால் ஹனுமான் அனுமன் ஆயினான்; ஹிமம் இமம் ஆயிற்று. பிறமொழிச் சொல்லின் ஹகரத்தை விடுத்து 'எலிகாப்டர்' என்னும் நாவும் அவ்வழியே செல்கின்றது. இலக்கணம் ஓதாதார் வாயிலும் இலக்கணம் வாழ்கின்றது அன்றோ?

புதுச்சொல் ஆக்குவோர் வேரை அறிந்தே ஆக்குதல் வேண்டும். அது கற்றோர் கடன். ஆனால், வழங்கும் மக்களின் நாவை இகழ்தல் கல்வியின் பயன் அன்று. பிறர் சிதைத்ததை நாகரிகம் என்றும், நம்மவர் மரபுவழி ஒலித்ததை அறியாமை என்றும் கொள்வது நடுவுநிலைமை ஆகாது.