சராசரி மட்டும் போதுமா?



பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட் வந்ததும் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "மொத்தத்தில் எப்படி?" என்பதுதான். ஐந்து பாடங்களில் ஒரு பிள்ளை எடுத்தது 7, 7, 7, 7, 7. இன்னொரு பிள்ளை எடுத்தது 9, 9, 9, 5, 3. கூட்டினால் இரண்டும் 35, சராசரி 7. இருவருக்கும் ஒரே பாராட்டுக் கிடைக்கிறது. ஆனால் அந்த 3 கணிதத்தில் வந்திருந்தால்? இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ கணிதத்தில் 4 எடுக்காதவர்கள் பதினாறு வயதுக்குப் பிறகு எந்தப் படிப்புக்குப் போனாலும் கணிதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். மூன்று 9 இருந்தும் அந்த 3 அப்படியேதான் நிற்கும்.

வார்டில் வேலை செய்யும் நாங்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கூட்டல் கணக்குப் போடுகிறோம். பெரியவர்களின் வார்டுகளில் 'நியூஸ் 2' என்றொரு புள்ளி முறை உண்டு. ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அதை 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்தியது. மூச்சு, இரத்தத்தில் ஒட்சிசன், ஒட்சிசன் கொடுக்கிறோமா என்பது, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு, உடல் வெப்பம் ஆகிய ஏழுக்கும் தனித்தனியே புள்ளி போட்டுக் கூட்டுவோம். மொத்தம் 5 ஆனால் வைத்தியர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். 7 ஆனால் அது மிக அவசரம்.

ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் நம்பும்படி எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. மொத்தமே 3 தான் என்றாலும், அந்த 3 ஒரே இடத்தில் விழுந்திருந்தால் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று புதிதாகக் குழம்பினால், மற்ற ஆறும் 0 ஆனாலும் அதற்கு மட்டும் 3 புள்ளி. 2017 திருத்தத்தில் சேர்த்தது இது. நம் வீடுகளிலோ "வயசு போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அப்பப்பா தமிழில் குழம்பிப் பேசினால், தமிழ் தெரியாத தாதிக்கு அது எப்படி விளங்கும்? "நேற்று இவர் இப்படி இல்லை" என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகளான நீங்கள்தான்.

சராசரி இன்னும் மோசமாக ஏமாற்றும். நாடித்துடிப்பு காலையில் 40, மாலையில் 140 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 90. அந்த 90க்கு நாங்கள் போடும் புள்ளி 0. ஆனால் 40க்கு 3, 140க்கும் 3!

அப்படியானால் சராசரியே வேண்டாமா? வேண்டும். வீட்டில் பிரஷர் பார்க்கும் அம்மா அப்பாவைக் கவனியுங்கள். பல தடவை பார்த்து, குறைவாக வந்ததை மட்டும் கொப்பியில் எழுதுவார்கள். இங்குள்ள வழிகாட்டல்படி காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவையாக, குறைந்தது நான்கு நாட்கள், முடிந்தால் ஏழு நாட்கள் பார்க்க வேண்டும். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்க வேண்டும். பிரஷர் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குவதால் அங்கே ஓர் எண்ணைவிடச் சராசரிதான் உண்மைக்குக் கிட்ட நிற்கிறது. ஒரே மனிதரில் ஏறி இறங்கும் ஒன்றை அறியச் சராசரி உதவும். வேறுவேறு பாடங்களையும் வேறுவேறு மனிதரையும் ஒன்றாகக் கலந்தால் அது ஒருவரை மறைத்துவிடும்.

நம் வாலிபர் கூட்டத்துக்கும் இதுவே பொருந்தும். போன காலாண்டில் சராசரி வருகை இருபது, இந்தக் காலாண்டிலும் இருபது என்று அறிக்கை வாசித்தால் எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டுவோம். புதிதாக இரண்டு பேர் வந்து, பழைய இரண்டு பேர் நின்றுபோனாலும் எண் இருபதுதான். நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்று அந்த எண் சொல்லாது. லூக்கா 15இல் வரும் மேய்ப்பனிடம் நூறில் தொண்ணூற்றொன்பது ஆடுகள் இருந்தன. எந்தப் பரீட்சையிலும் அது சிறந்த புள்ளி. அவனோ அந்த ஒன்றைத் தேடிப் போனான்.

ஆகவே கூட்டுவோம், வகுப்போம். அதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை பார்ப்போம். அடுத்த அறிக்கை வாசிக்கும்போது சராசரியோடு, மூன்று கிழமையாக வராதவர்களின் பெயர்களையும் பொறுப்பாளரிடம் கேட்போம். அன்று மாலையே அவர்களுக்கு ஒரு கோல் எடுப்போம்.